சாமிக்கு முதுகு காட்டி நின்றவள்

நம் ஊரில் போலீஸ்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு முடியாது. ஓசி டீயில் தொடங்கி எங்கெங்கோ போகும். அப்படிப் பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனித்ததில்லை. திருவிழாவில் தேர் வரும்போது ஊரே தேரைப் பார்த்து நிற்கும். பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ் ஊரைப் பார்த்து நிற்கும். சாமி அவர்கள் முதுகுக்குப் பின்னால் போகும். எதிரே நிற்கிற கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்துத்தான், சரி, சாமி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முப்பிடாதியம்மாள் முப்பத்தெட்டு வருஷம் அப்படித் தெரிந்துகொண்டவள்.

பிறந்தது ராயகிரி. நெல்லும் பருத்தியுமாக ஓடிய குடும்பம். நான்கு பெண்களில் இவள்தான் நெட்டை. பத்தாவது படிக்கும்போதே வாசல் நிலையில் தலை தட்டும். ‘பொட்டப்பிள்ளை இந்த உசரம் வளந்தா மாப்பிள்ளைக்கு எங்க போறது’ என்று அவளைப் பெற்றவள் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் சாப்பிட மாட்டாள். அந்த உயரம்தான் பாளையங்கோட்டை மைதானத்தில் நடந்த ஆளெடுப்பில் அவளை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. வேலை உத்தரவு வந்த அன்றைக்கு ஊர்க் கோவிலுக்குப் போய், தனக்குப் பேர் தந்த முப்பிடாதி அம்மன் முன்னால் நின்று, “எம்மா, என்னைய நெட்டையாப் படைச்சதுக்கு ரொம்ப நன்றி” என்று சத்தமாகவே சொன்னாள். விளக்கேற்ற வந்தவர்கள் சிரித்தார்கள். நன்றி சொல்வதில் அவளுக்கு எப்போதும் வெட்கம் கிடையாது. மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற நன்றி யாருக்கும் போய்ச் சேராது என்பது அவள் கட்சி.

சிவகிரி, புளியங்குடி, சங்கரன்கோவில் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் தென்காசியும் குற்றாலமுமாக நிலைத்தாள். சீசன் வந்தால் மெயினருவியில் பெண்கள் பக்கம் டூட்டி. சாரலில் ஊறிக்கொண்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பதினோரு சீசன். ‘கொடுத்து வச்சவ, தெனமும் அருவியைப் பாக்கா’ என்பார்கள் சொந்தக்காரர்கள். அருவியைப் பார்ப்பது வேறு, அருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது வேறு என்று அவர்களுக்கு யார் சொல்வது? தண்ணீர் அங்கே கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவான ஆர்ச்சுக்கு மேலே விழத் தொடங்கினால் குளிக்கிற அத்தனை பேரையும் ஐந்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவர வேண்டும். தலையில் எண்ணெயோடு நிற்கிற பெண்கள் அவளைத் திட்டிக்கொண்டே ஏறிப் போவார்கள். அவர்கள் திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறார்களே, அது போதும் என்று இருந்துவிடுவாள்.

வீட்டுக்காரர் செல்லப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். இடி மின்னலில் கம்பம் ஏறுவார், வீட்டில் பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறுவார். அப்படி ஒரு மனிதர். ஆனால் பிள்ளையை வளர்த்தது அவர்தான். குத்துக்கல்வலசை வீட்டில் காலையில் மகள் வேல்விழிக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்பியதும், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும், திருவிழாவுக்குக் கூட்டிப் போனதும் அவரே. விசேஷ நாள் வந்தால் போலீஸுக்குத்தானே வேலை அதிகம்? ஊருக்குப் பண்டிகை என்றால் முப்பிடாதியம்மாளுக்கு டூட்டி என்று அர்த்தம்.

வேல்விழி திருநெல்வேலியில் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, பிறகு ஸ்பெயின் தேசத்தில் செவில்யா என்கிற பழைய நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியர். போய் நான்கு வருஷம் ஆயிற்று. இந்தச் சமயத்தில்தான் முப்பிடாதியம்மாள் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றாள். மாலை போட்டு, சால்வை போட்டு, ஜீப்பில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே தெருமுனையில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வண்டிகளை நிறுத்த ஆரம்பித்துவிட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி வாசலில் போய் நின்றுகொண்டு, “நெருக்காதீங்க, எல்லாருக்கும் எலை இருக்கு” என்பாள். மாப்பிள்ளை வீட்டார் யாரிந்த அம்மா என்று முழிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேல்விழி போனில் கூப்பிட்டாள். வழக்கமாக அப்பாவிடம் பேசிவிட்டு, “அம்மா நல்லாருக்காளா?” என்று கேட்டு வைத்துவிடுகிறவள், அன்றைக்கு அம்மாவையே கேட்டாள்.

“எம்மா, ஏப்ரல் மாசம் இங்கன பெரிய திருவிழா. ஏசுவையும் மாதாவையும் சப்பரத்துல வச்சுத் தூக்கிட்டு வருவாவ. ஒரு வாரம் நடக்கும். நீ வாரியா?”

“நான் எதுக்குட்டி அம்புட்டுத் தூரம்?”

 அதற்கு வேல்விழி பேசியதெல்லாம் இருபத்து நான்கு வருஷமாக உள்ளே கிடந்த பேச்சு.

“எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது தென்காசி மாசித் தேருக்கு வந்தேன், ஞாபகமிருக்கா? தெற்கு ரத வீதி முக்குல நீ நின்ன. நான் அம்மான்னு கத்துனேன். நீ திரும்பி என்னையப் பாத்த. பாத்துட்டு, யாரோ ஒரு பிள்ளையைப் பாக்குத மாதிரி, பின்னால போன்னு கையை வச்சுத் தள்ளிட்ட. ஒரு சிரிப்புக்கூட இல்ல. அதுக்குப் பெறவு நான் தேருக்கே வரல. ஒனக்கு அது தெரியுமா? ஒரே ஒரு திருவிழாம்மா. ஒரு தடவை நீ என் பக்கத்துல நின்னு, நான் பாக்குததை நீயும் பாரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

முப்பிடாதியம்மாளுக்குப் பதில் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. ஸ்டேஷனில் சாக்குச் சொல்கிறவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவள். நியாயமான காரணம்கூடச் சொல்லும்போது சாக்கு மாதிரிதான் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். “வாரேன்ட்டி. ஒம்பக்கத்துலயே நிப்பேன். இது சத்தியம்” என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவன் விஜய்பாண்டி. அவளிடம் வேலை பழகிய ஏட்டு. வாசலிலேயே சல்யூட் வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகப் பார்த்தான். அவள் விடவில்லை. “ஏலே, கேக்க வேண்டியதைக் கேளு” என்றாள். அவன் நெளிந்துகொண்டே, “ஒங்க மேல கேஸ் ஏதும் இருக்காம்மா?” என்று கேட்டான். “இல்லப்பா” என்று பவ்யமாகப் பதில் சொன்ன பிறகுதான் அவளுக்குத் திருப்தி.

செல்லப்பா வர மறுத்துவிட்டார். கம்பம் என்றால் தரையில் ஊன்றியிருக்கிறது, விமானம் எதில் ஊன்றியிருக்கிறது என்பது அவர் கேள்வி. பக்கத்து வீட்டு மிஸ்ரியா, லண்டனில் படித்த தன் மகனின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பிடாதியம்மாளின் உயரத்துக்கு ஆம்பளைக் கோட்டுதான் பொருந்தியது. “யக்கா, அந்த ஊர்ல ஒரு கோபுரம் இருக்காம். ஒரு காலத்துல அது பள்ளிவாசல் மினாராவா இருந்துச்சாம். மகன் சொன்னான். எனக்காண்டி அதைத் தொட்டுட்டு வாங்க” என்றாள் மிஸ்ரியா. கோட்டு கொடுத்ததற்கு நன்றி, தொடச் சொன்னதற்கும் நன்றி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள் முப்பிடாதியம்மாள்.

செவில்யாவில் முதல் ஐந்து நாள் ஊர் சுற்றினார்கள். தெருவோரமெல்லாம் ஆரஞ்சு மரம். பூ பூத்து ஊரே மணத்துக் கிடந்தது. பழம் ஒன்றிரண்டு மிச்சமிருந்தது. “அரசாங்க மரம், பறிக்கப்பிடாது” என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு, கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்து உரித்து வாயில் போட்டாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். வேல்விழி சிரித்தாள்.

“கசக்கும்மா. இங்கன யாரும் இதைத் திங்க மாட்டாவ.”

“திங்கத் தெரியாதவன் திங்க மாட்டான். இது நம்ம நார்த்தங்காய்க்குத் தங்கச்சிட்டி. உப்புப் போட்டு வெயில்ல வச்சா பழைய சோத்துக்கு எப்பிடி இருக்கும்!”

மறுநாளிலிருந்து தெருவில் விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வேல்விழி குடியிருந்த நான்காம் மாடியின் ஜன்னலோரத்தில், ஒரு தட்டில், செவில்யா நகரத்தின் உப்பு நார்த்தங்காய் காய ஆரம்பித்தது.

மிஸ்ரியா சொன்ன கோபுரத்துக்கும் போனார்கள். ஹிரால்தா என்று பெயர். இப்போது பெரிய மாதா கோவிலுக்கு மணிக்கூண்டாக இருக்கிறது. உள்ளே ஏறப் பெரும்பாலும் படிக்கட்டு கிடையாது. சாய்வாகத் தளம் போட்டுச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. அந்தக் காலத்தில் பாங்கு சொல்கிறவர் குதிரையிலேயே ஏறிப் போவதற்காக அப்படிக் கட்டினார்களாம். “என் முட்டு வலிக்கும்னு எண்ணூறு வருசத்துக்கு முன்னாலயே ஒருத்தன் நெனச்சிருக்காம் பாரு, அந்த மவராசன் நல்லாருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். மேலே போனதும் காற்று அடித்தது. எல்லோரும் தொப்பியைப் பிடித்தார்கள். “இதென்ன காத்து, தென்காசிக் கோபுர வாசல்ல வந்து நில்லுங்க பாப்போம்” என்றாள். இறங்கி வந்ததும் அடிச்சுவரில் இரண்டு கையையும் வைத்து, ஒரு நிமிஷம் மிஸ்ரியாவை நினைத்துக்கொண்டு நின்றாள். மகள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

அல்காசர் அரண்மனையில் ஒன்றரை மணி நேரம் வரிசை. வேல்விழிக்கு அலுத்துவிட்டது. தாய்க்கு அலுக்கவேயில்லை. ஒருத்தரும் முண்டவில்லை, குறுக்கே புகவில்லை. கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்டிருந்த அழகை அரண்மனையைவிட அதிகமாக ரசித்தாள். உள்ளே போய், பூ வேலைப்பாடு செய்த சுவர்களையும் தண்ணீர் ஓடும் தோட்டத்தையும் பார்த்தபோதுகூட, அவள் பார்வை வாசல் எத்தனை, வழி எத்தனை, நெருக்கடி வந்தால் ஆட்களை எந்தப் பக்கம் விடலாம் என்றுதான் போயிற்று. வேல்விழி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  வெளியே வரும்போது, “ஞாயித்துக்கிழமை சப்பரம்மா. ஞாபகம் வச்சுக்கோ” என்றாள்.

“நீ பக்கத்துல நின்னுக்கோ, நான் அசைய மாட்டேன்” என்றாள் முப்பிடாதியம்மாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். அன்றைக்குப் படுக்கும்போது, எம்மா முப்பிடாதி, என் முதுகைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ என்று வேண்டிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் பழைய நகரத்துக் குறுகலான தெருவொன்றில் இடம் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் ஜனம். ஆண்கள் கோட்டு சூட்டில், பெண்கள் புதுத்துணியில், பிள்ளைகள் கையில் குருத்தோலை. சப்பரம் அந்த முக்கில்தான் திரும்பும், அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பேர் என்று வேல்விழி சொன்னாள். அவளே தேடிப் பிடித்த இடம். தாயை முன்வரிசையில் நிறுத்தி, ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்போது முப்பிடாதியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் வெள்ளை அங்கியும் உயரக் கூம்புத் தொப்பியுமாக முகம் மூடியவர்கள் இரண்டு வரிசையாக வந்தார்கள். மெழுகுவர்த்தி, சாம்பிராணி. பின்னால் தாரை தப்பட்டை மாதிரி ஊதுகுழலும் மேளமும். அப்புறம் தெருவின் அந்தக் கோடியில் அது தெரிந்தது. பொன் வேலை செய்த பெரிய சப்பரம், மேலே கழுதையில் வருகிற ஏசு. சக்கரம் கிடையாது. சுற்றிலும் திரை தொங்கியது. திரைக்குள்ளே முப்பது நாற்பது பேர் பிடரியில் சுமந்து வருகிறார்கள். வெளியே தெரிவது அவர்கள் காலடிகள் மட்டும். முன்னால் வந்த மேஸ்திரி சப்பரத்தில் மாட்டியிருந்த ஒரு கொண்டியைத் தட்டினால் நிற்கிறது, மறுபடி தட்டினால் எழும்புகிறது. அவ்வளவு பெரிய சப்பரம் நடந்துதான் வந்தது. “எம்மாடி” என்றாள் முப்பிடாதியம்மாள்.

அது முக்குக்கு வந்தது. திரும்புவதற்காக நின்றது. கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

அவ்வளவுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். லத்திப் பழக்கம் மட்டும் லேசில் விடுமா! அவள் நினைத்துச் செய்யவில்லை. மகள் கையை உதறினாள், ஒரு எட்டு முன்னால் வைத்தாள், சப்பரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், இரண்டு கையையும் அகல விரித்தாள்.

“பின்னால போங்க! பின்னால! பிள்ளையைத் தூக்குங்க! முக்குல நிக்காதீங்க!”

தமிழில்தான். ஆனால் முப்பத்தெட்டு வருஷத்துக் குரலுக்கு எந்த மொழி தேவை? செவில்யா ஜனங்கள் மறுபேச்சில்லாமல் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு பெரியவர், “சி, சென்யோரா” என்று தலையாட்டிக்கொண்டு தன் பேத்தியைத் தூக்கினார். எதிரே டூட்டியில் நின்ற அந்த ஊர்ப் போலீஸ்காரர், யார் இந்த நெட்டைப் பெண்மணி, எந்த டிபார்ட்மெண்ட் என்று குழம்பிப்போய்ப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மேளம் உச்சத்துக்குப் போனது. கூட்டம் கை தட்டியது. சிலர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சரி, சாமி திரும்பிவிட்டது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் வேல்விழி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

முப்பிடாதியம்மாளின் கை தானாகக் கீழே இறங்கியது. திரும்பிப் பார்த்தாள். சப்பரத்தின் பின்பக்கம்தான் தெரிந்தது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் மகளைக் காணவில்லை.

நெட்டையாகப் படைத்ததற்கு அம்மனுக்கு இன்னொரு தடவை நன்றி சொல்ல வேண்டியிருந்தது. தலைகளுக்கு மேலே பார்த்து மகளின் பச்சைத் துப்பட்டாவைக் கண்டுபிடித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மைதானத்தில் போய்ப் பிடித்தாள். ஆரஞ்சு மரத்தடிப் பெஞ்சில் வேல்விழி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. களைத்துப்போன முகம்.

“பரவால்லம்மா. ஒன்னால முடியாது. எனக்குப் புரியுது” என்றாள்.

அந்தப் ‘பரவால்ல’ முப்பிடாதியம்மாளைச் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்த பழங்கள் உறுத்தின. எடுத்துக் கீழே வைத்தாள். சாக்கு மாதிரிக் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, அன்னைக்கு ஒங்கையில சவ்வுமிட்டாய் வாட்ச் கட்டியிருந்தே. ரோஸ் கலரு. மிட்டாய்க்காரன் வாட்சுக்கு மேல குட்டியா ஒரு மயிலும் வச்சுக் குடுத்திருந்தான்.”

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்கப்பாவுக்குக் கரண்டுதான் தெரியும், தேர்வடம் தெரியாது. நல்லாத் தெரியட்டும்னு ஒன்னைய முக்குல கொண்டாந்து நிறுத்திட்டாரு. தேர் திரும்பும்போது வடம் உள்முக்கை அறுத்துக்கிட்டு வரும்ட்டி. அதுல மாட்டுனா காலு போயிரும். அங்கன ஒன்னையக் கூட்டி இருவது பிள்ளைய நின்னுச்சு. நான் ஒன்னையப் பாத்தேன். யாரோ மாதிரித்தான் பாத்தேன், நீ சொன்னது நெசந்தான். அம்மையாப் பாத்திருந்தா ஒன்னைய மட்டும் தூக்கிட்டு ஓடியிருப்பேன். மத்த பிள்ளைய என்ன ஆயிருக்கும்?”

வேல்விழி கீழே இருந்த பழம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“நான் தள்ளுன தள்ளுல ஒன் வாட்சு அந்து விழுந்துட்டு. நீ அழல. குனிஞ்சு தேடுன. ஒங்கப்பா ஒன்னையத் தூக்கினாரு, வடம் அந்த எடத்தைத் தேச்சுட்டுப் போச்சு.  நான் அந்த எடத்தை விட்டு நகர முடியுமா? தேர் நெலைக்கு வந்த பெறவு அந்த முக்குக்குப் போனேன். யூனிபாரத்தோட குத்தவச்சுத் தேடுனேன். இன்ஸ்பெக்டர் வந்து, ‘என்னம்மா தொலைச்சே’ன்னாரு. கம்மல் திருகாணி ஐயான்னு பொய் சொன்னேன். டூட்டியில நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். மிட்டாயி தேடுதேன்னு சொல்ல முடியுமா?”

“கெடச்சுதா?” என்றாள் வேல்விழி. 

“கெடச்சுது. மண்ணோட மண்ணா அரைஞ்சு கெடந்துது. ஒனக்குக் கொண்டாந்து தர மாதிரி இல்ல.”

மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர்வலத்து மெழுகுவர்த்திகளிலிருந்து வாங்கிய மெழுகுத் துளிகளை உருட்டி உருட்டிப் பந்தாக்கிக்கொண்டிருந்தான் ஒருவன். முப்பிடாதியம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் தேரையே பாத்ததில்லட்டி. ஆனா தேரைப் பாக்குத மொகத்தை எல்லாம் பாத்திருக்கேன். ஊர்ல ஒருத்தருக்கும் அது கெடைக்காது. எங்க போய் நின்னாலும் மொதல்ல ஒன் மொகத்தைத் தேடிருவேன், பெறவுதான் டூட்டி. ஆறு வயசுல நீ ஒங்கப்பா தோள்ல ஒக்காந்துக்கிட்டு வாயைப் பொளந்து பாத்த. ஏழு வயசுல கையெடுத்துக் கும்பிட்ட, எட்டு வயசுல பல்லு விழுந்த வாயோட சிரிச்ச. பத்து வயசுல இருந்து நீ வரல. அதுவும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் அந்தக் கூட்டத்துல தேடிட்டுத்தான் நின்னேன். இன்னைக்கும் அந்த முக்கைப் பாத்ததும் எனக்கு அந்த வடந்தான் தெரிஞ்சுது. சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன். என்னைய மன்னிச்சுருட்டி. நீ என்னைய இம்புட்டுத் தூரம் கூப்ட்டதுக்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்லணும்னே எனக்குத் தெரியல.”

வேல்விழி தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மிஸ்ரியா மகனின் கோட்டு நனைந்தது.  எதிர்ப்பெஞ்சில் இருந்த கிழவி ஒருத்தி எழுந்து வந்து, பொட்டலத்திலிருந்து தேனில் ஊறிய ரொட்டிப் பலகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போய் உட்கார்ந்துகொண்டாள். “ரொம்ப நன்றிம்மா” என்றாள் முப்பிடாதியம்மாள் தமிழில். கிழவி தலையாட்டினாள்.

அப்போது மறுபடி மேளச் சத்தம் கேட்டது. அடுத்து மாதா சப்பரம். வேல்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போனாள். ஜனத்தை விலக்கி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு தாய்க்கு எதிரே வந்து நின்று, சப்பரம் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, தாயின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னட்டி செய்யுத? அங்கிட்டுத் திரும்பு, சப்பரம் வருது!”

“நான் நாலு வருசமாப் பாக்குதேன். நீ பாரும்மா. ஒன் மொகத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

மகளின் தலைக்கு மேலே, தெருக்கோடியில், வெள்ளித் தூண்களும் வெல்வெட் விதானமுமாக மாதா சப்பரம் வந்தது. முன்பக்கம் படிப்படியாக ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகள். வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு அடிக்கும் தூண்கள் லேசாக நடுங்கின. முக்குக்கு வந்தது. கூட்டம் நகர்ந்தது. முப்பிடாதியம்மாளின் தோள் ஒரு தடவை திமிறியது. வேல்விழி பிடியை இறுக்கினாள். தோள் அடங்கியது.

சப்பரம் அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. மாதாவின் கன்னத்தில் கண்ணாடிக் கண்ணீர்த் துளிகள் மின்னுவது வரைக்கும் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், ஒரு சாமியின் முகத்தை அவள் அறுபது வயதுக்குமேல்தான் பார்க்கிறாள். வாய் தானாகப் பிளந்துகொண்டது. கை கூப்பியது. ‘எம்மா, நீ யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. ஒன் மொகத்தைக் காமிச்சியே, நன்றி’ என்று சத்தமாகவே சொன்னாள். தனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

மேளம் தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் கண்ணை இறக்கி மகளைப் பார்த்தாள்.

“பாத்தியாட்டி?” என்றாள்.

“பாத்தேம்மா” என்றாள் வேல்விழி.